இடது பக்கம் ஒதுங்கிய அச்சு

போன வாரம் காவிரிப் பாலத்தில் என் ஸ்கூட்டருக்கு முன்னால் ஒரு பழைய வெள்ளைக் கார் போய்க்கொண்டிருந்தது. யாரோ ஆசைப்பட்டுத் தரையோடு தரையாகத் தாழ்த்திவிட்ட வண்டி. பின்னாலிருந்து பார்த்தால் இடது டயர் வெளியே துருத்திக்கொண்டும் வலது டயர் உள்ளே ஒளிந்துகொண்டும் இருந்தது. பாலத்தின் இணைப்புகளில் ஏறி இறங்கும்போதெல்லாம் ரப்பர் உரசிக் கருகும் வாடை. மூக்கில் அது ஏறியதும் எனக்கு முகம் சுட்டது. வேகத்தைக் குறைத்து, பின்னால் வந்த பஸ்களையெல்லாம் முன்னே விட்டு, ஓரமாகவே ஸ்ரீரங்கம் வந்து சேர்ந்தேன். அறுபதை நெருங்குகிற ஆசாமிக்கு ஒரு டயரைப் பார்த்து என்னய்யா வெட்கம் என்று கேட்பீர்கள். கேளுங்கள், சொல்லத்தான் போகிறேன்.

அப்போது நான் மருந்துக் கம்பெனிப் பிரதிநிதி. தில்லை நகர் கிளினிக்குகளின் மாடிப்படிகளில் டையும் தோல்பையுமாக ஏறி இறங்குவதுதான் பிழைப்பு. சாம்பிள் பெட்டிகளில் ஒரு சிரப் பாட்டிலாவது உடைந்திருக்கும். சட்டை, பை, கார் சீட் எல்லாம் வைட்டமின் வாடை வீசும். கார் என்றது சின்ன வெள்ளைக் கார், மூன்றாம் கை, அப்பா பெயரில் இருந்தது. ரயில்வேயில் ரிட்டயர் ஆன அப்பா அதைப் பெருமாள் மாதிரி பார்த்துக்கொண்டார். காலையில் அதைத் துடைத்த பிறகுதான் அவருக்குக் காபி இறங்கும்.

எனக்கோ அது போதவில்லை. டாக்டர்களின் பெரிய கார்களுக்கு நடுவே என் வண்டி நெட்டுக்குத்தலாக, கால்சட்டையைத் தூக்கிக் கட்டினவன் மாதிரி நின்றது. தாழ்த்தினால் பந்தாவாக இருக்கும் என்று ஒருவன் சொன்னான், நான் மயங்கினேன். ஊருக்கு வெளியே ஒரு பட்டறையில் நான்கு ஸ்பிரிங்கிலும் ஒன்றரைச் சுற்று வெட்டிவிட்டார்கள். அப்பாவிடம் கேட்கவில்லை. கேட்டிருந்தால் முடியாது என்றிருப்பார், அதனால்தான் கேட்கவில்லை.

மறுநாள் காலை துணியும் கையுமாக நின்ற அப்பா, "வண்டி ஏன்டா இப்படி உக்காந்துடுத்து?" என்றார்.

"சாம்பிள் பெட்டி கனம்ப்பா. ஸ்பிரிங் எறங்கிடுத்து."

நம்பிவிட்டார். பாவம், பி.எஸ்ஸி. ஃபிசிக்ஸ் படித்த பிள்ளை சொல்கிறானே. இரண்டு நாள் கழித்து அவரே வண்டியை எடுத்துக்கொண்டு ஒரு சுற்றுப் போய்விட்டு வந்து, நேராகப் போகும்போது ஸ்டியரிங் கோணலாக நிற்கிறது என்றார். தில்லை நகரில் அவருக்குத் தெரிந்தவர் டயர் கடை வைத்திருந்தார். இருவரும் காலையில் சேர்ந்து வாக்கிங் போகிறவர்கள். என்னையும் இழுத்துக்கொண்டு அங்கே போனார்.

அந்தக் கடையில் சக்கரங்களின் கோணலை நேர்செய்கிற வீல் அலைன்மென்ட் மெஷின் பார்த்தவர் ஆரோக்கியசாமி. நாற்பத்தைந்து வயதிருக்கும், ஒல்லி, சட்டைப் பையில் எப்போதும் ஒரு நூல்கண்டு. மெஷின் என்ன சொன்னாலும் அவருக்கு அந்த நூல்தான் கடைசித் தீர்ப்பு. வண்டியை முன்னும் பின்னும் இரண்டு முறை உருட்டி, தரையில் அமர்த்தி, நூல் நுனியில் ஒரு நட்டைக் கட்டிப் பின்சக்கரத்துக்கு மேலேயிருந்து தொங்கவிடுவார். நூலுக்கும் டயருக்கும் எத்தனை விரல் என்று இரண்டு பக்கமும் பார்ப்பார். அவர் கை வைத்த வண்டி கோணாது என்று தில்லை நகர் டிரைவர்கள் காத்துக்கிடந்து அவரிடமே விடுவார்கள்.

என் வண்டியில் வலது பக்கம் இரண்டு விரல் இடைவெளி. இடது பக்கம் டயர் நூலையே தள்ளிக்கொண்டு நின்றது. அவர் குனிந்து அடியில் பார்த்துவிட்டு எழுந்தார். "ஸ்பிரிங்க வெட்டியிருக்குங்களா சார்?"

நாலடி தள்ளி நாற்காலியில் அப்பா.

"இல்லையே" என்றேன். "கனம் ஏத்தி ஏத்தி இறங்கியிருக்கும்."

என்னைப் பார்த்தார். அப்பாவைப் பார்த்தார். "சரிங்க" என்றார். முன்சக்கரங்களை மட்டும் சரிசெய்துவிட்டுச் சாவியைத் தரும்போது குரலைத் தாழ்த்தினார். "பின்னாடி ஆக்சில், சக்கரத்து அச்சு, எடதுபக்கம் ஒதுங்கியிருக்குங்க. மெஷின்ல சரி பண்ண வராது. ஆள நெறைய ஏத்தாதீங்க. நீங்க மட்டும் ஒருநாள் தனியா வாங்க, வழி பண்ணலாம்."

அவர் என்னைக் காப்பாற்றிவிட்டார் என்பதுகூட அப்போது எனக்கு உறைக்கவில்லை. தப்பித்தோம் என்ற மிதப்பில் இருந்தேன். தனியாகப் போகவும் இல்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை அப்பா, அம்மா, சித்தி மூவரையும் ஏற்றிக்கொண்டு திருவெள்ளறைக்குக் கிளம்பினேன், பெருமாளைச் சேவிக்க. மண்ணச்சநல்லூர் தாண்டியதிலிருந்தே கருகல் வாடை. வயலில் எதையோ கொளுத்துகிறார்கள் என்று நானே எல்லாருக்கும் விளக்கம் சொன்னேன். அடுத்த பள்ளத்தில், பாடியில் உரசிக்கொண்டே வந்த இடது பின் டயர் வெடித்தது. வண்டி ஒரு இழுப்பு இழுத்து வாய்க்கால் ஓரம் நின்றது. அம்மாவின் நெற்றி முன்சீட்டில் மோதி எலுமிச்சம்பழம் அளவுக்கு வீங்கிவிட்டது.

மறுநாள் அப்பா என்னையும் கூட்டிக்கொண்டு டயர் கடை வாசலில் போய் நின்றார். அவ்வளவு கோபமாக அவரை நான் பார்த்ததே இல்லை.

முதலாளி, "ஆரோக்கியம், ஐயா வண்டியில பின்னாடி என்னத்த கழட்டி வச்ச?" என்றார்.

"பின்னாடி நான் கையே வைக்கலீங்க."

"கை வைக்காம டயர் எப்படிய்யா வெளில வந்து நிக்கும்?" என்றார் அப்பா. "ஸ்டியரிங் கோணல்னுதானே விட்டேன், டயர் நன்னாத்தானே இருந்தது? கேளும், எம் பிள்ளை நிக்கறான்."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். ஆரோக்கியசாமியும் பார்த்தார். கோபமாக இல்லை, அதுதான் கொடுமை. காத்திருக்கிறவர் மாதிரி பார்த்தார். அடியில் குனிந்து பாருங்கள் என்று அவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என் வண்டவாளம் அங்கேயே தெரிந்திருக்கும். சொல்லவில்லை. கடையில் அடுக்கி வைத்திருந்த டயர்களை நான் எண்ணிக்கொண்டு நின்றேன். என் வாயில் என்ன, கொழுக்கட்டையா? நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருக்கிறது.

"நாளையிலேருந்து மெஷின் பக்கம் வராத. பஞ்சர் பாரு" என்றார் முதலாளி.

அடுத்த ஞாயிறு, வேறு இடத்தில் காட்டிவிட்டு வருகிறேன் என்று அப்பாவிடம் சொல்லி, புது டயர் போட்ட காரை எடுத்துக்கொண்டு ஆரோக்கியசாமி வீட்டைத் தேடி பாலக்கரை மாதா கோயிலுக்குப் பின்னால் இருந்த சந்துக்குப் போனேன். பூசை முடிந்து வெள்ளைச் சட்டையோடு வந்தவர், "வாங்க சார், அம்மாவுக்கு நெத்தி வத்திருச்சுங்களா?" என்றார். எனக்கு உட்காரவே கூசியது.

"அன்னிக்கு ஏன் நீங்க உண்மையைச் சொல்லல?" என்று கேட்டேன், கேட்பதற்கு எனக்கு என்ன யோக்கியதை இருந்ததோ.

"அப்பா முன்னாடி உங்கள எப்படிங்க காட்டிக்கொடுக்கிறது? நீங்களே சொல்லிருவீங்கன்னு நெனச்சேன்."

அப்புறம் கைலிக்கு மாறி வந்து வண்டிக்கடியில் படுத்தார். பின் ஆக்சில் இடம் வலம் நகராமல் பிடிக்க ஒரு குறுக்கு ராடு உண்டு. ஒரு முனை வலது பக்கம் பாடியில், மறுமுனை இடது பக்கம் ஆக்சிலில். "சொவத்துல ஏணி சாத்தியிருக்குங்க. மேல் நுனிய எறக்குனா கால் என்ன ஆகும்? வெளிய தள்ளிக்கிட்டுப் போகும். அதேதான். வண்டி எறங்குச்சு, ராடு படுத்துருச்சு, ஆக்சில எடதுபக்கம் தள்ளிருச்சு." மூன்று வருஷம் ஃபிசிக்ஸ் படித்தவன் தலையை ஆட்டிக்கொண்டு கேட்டேன்.

ராடைக் கழற்றி, தெரிந்த லேத் பட்டறையை ஞாயிற்றுக்கிழமையிலும் திறக்கச் சொல்லி, நடுவில் வெட்டி, திருகினால் நீளம் கூடிக் குறைகிற மாதிரி மரை போட்டு வாங்கி வந்தார். ஜாக்கியில் தொங்கும்போதே அளந்துவிடலாமே என்று அவசரப்பட்டேன். "தொங்குறப்ப பாத்தா பொய் சொல்லும். கனத்தோட தரையில நிக்கணும்" என்றார். உருட்டினார், நூல் விட்டார், கொஞ்சம் திருகினார், மறுபடி உருட்டினார். நாலாவது முறை இரண்டு பக்கமும் ஒரே அளவாக வந்தது.

"முதலாளிகிட்ட நான் சொல்லிடறேங்க. இந்த வாரமே" என்றேன்.

"அவருகிட்ட சொன்னா அப்பாவுக்குப் போயிருமே சார். மொதல்ல அப்பாகிட்ட சொல்லிருங்க" என்றார்.

அந்த வாரம் சொல்லவில்லை. அடுத்த வாரம் அப்பாவுக்கு ரத்தக்கொதிப்பு என்று ஒரு சாக்கு. அப்புறம் வண்டி அம்பு மாதிரி ஓட ஆரம்பித்ததும் அப்பா, "பாத்தியா, வேற எடத்துல குடுத்ததும் சரியாப் போச்சு" என்றார். நான் "ஆமாம்ப்பா" என்றேன். அவ்வளவுதான், கதை முடிந்தது. அந்தக் கடையில் ஒரு ஆள் வண்டியைக் கெடுத்தான், என் பிள்ளை கண்டுபிடித்தான் என்று உத்திர வீதி முழுக்கச் சொன்னார். கடைசிக் காலத்தில் பேரன் பேத்திகளுக்கும் சொன்னார். ஒவ்வொரு தடவையும் நான் எழுந்து தண்ணீர் குடிக்கப் போவேன்.

பல வருஷம் கழித்துக் காந்தி மார்க்கெட்டில் வெங்காய மூட்டைகளுக்கு நடுவே ஒரு தார்ப்பாய்க்கடியில் ஆரோக்கியசாமியைப் பார்த்தேன். லோடு வண்டிகளுக்குப் பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்தார். சந்தோஷமாக எழுந்து கையைத் துடைத்தார். "வண்டி நேரா ஓடுதுங்களா சார்?"

"ஓடுது" என்றேன். அவர் கேட்டது அது ஒன்றைத்தான்.

இப்போது அந்த டயர் கடை இருந்த இடத்தில் ஸ்கேன் சென்டர். முதலாளி காலமாகிவிட்டார். காரை உடைக்கக் கொடுத்தாயிற்று. அப்பா போய் ஒன்பது வருஷம். பாலத்தில் அந்த வண்டியைப் பார்த்த மறுநாள், ஒருவரிடமாவது சொல்லிவிட வேண்டும் என்று பாலக்கரைக்குப் போனேன். சந்து இருக்கிறது, வீடு இல்லை, அடுக்குமாடி எழும்பியிருந்தது. மாதா கோயிலில் வயதான உபதேசியார் ஒருவரிடம் விசாரித்தேன்.

"எந்த ஆரோக்கியசாமிங்க? என்ன வேலை பாத்தாரு?"

"வீல் அலைன்மென்ட் மெஷின் பார்ப்பார். பெரிய கைகாரர்."

அவர் உதட்டைப் பிதுக்கினார். "அப்படி யாரும் இங்க இல்லீங்களே. மார்க்கெட்டுல பஞ்சர் ஒட்டுற ஆரோக்கியசாமின்னு ஒருத்தர் இருந்தாரு. அவரு தவறி நாலு வருஷம் ஆச்சுங்க."