ஒரே பக்கம் நடந்த இருவர்

கீழ்பென்னாத்தூர் போகும் ஆறேகால் பஸ் பல வருஷம் ஆறு பதினெட்டுக்குத்தான் கிளம்பியது. ஏன் என்று டிரைவருக்கும் தெரியாது, கண்டக்டருக்கும் தெரியாது. பஸ் நிலையத்தில் டைம் கீப்பராக இருந்த சடையனுக்கு மட்டும் தெரியும். ஆறேகால் அடித்ததும் அவர் எழுந்து போய்ப் பின் சக்கரத்தைக் குனிந்து பார்ப்பார். ஒரு தட்டுத் தட்டுவார். கண்டக்டரிடம் வேண்டாத கேள்வி ஒன்று கேட்பார். அதற்குள் கோயில் வாசலில் மீதிப் பூவை விற்று முடித்த ஒரு பெண் காலிக் கூடையோடு மூச்சிரைக்க ஓடிவந்து ஏறிவிடுவாள். அதன் பிறகுதான் சக்கரம் நன்றாக இருக்கிறது என்று அவருக்குத் தோன்றும்.

அந்தப் பெண்ணே ஒருநாள் சடையனின் மனைவி வேதாவிடம் சொல்லித்தான் விஷயம் வெளியே வந்தது. "நெஜமாவா?" என்று வேதா வீட்டில் கேட்டாள். "டயர்ல காத்து கம்மியா இருந்தா பாக்க வேணாமா?" என்று சொல்லிவிட்டு அவர் குளிக்கப் போய்விட்டார்.

பேர்கூடத் தெரியாதவளுக்கு இவ்வளவு இரங்கிய மனுஷன், உயிருக்கு உயிரான நண்பனுக்கு இரங்கவில்லை. அதுதான் வேதாவுக்கு இன்றுவரை புரியாதது.

நண்பர் பெயர் ராமதாஸ். டிரைவர். இரண்டு பேரும் ஒரே வருஷம் வேலைக்குச் சேர்ந்து, ஒருத்தர் டிபன் டப்பாவில் மற்றவர் கை வைத்து வளர்ந்த சிநேகம். ராமதாஸ் ஓய்வு பெற்ற நாளில், அவருடைய கடைசி டிரிப்பை வழியெல்லாம் மறித்து ஊர்க்காரர்கள் மாலை போட்டார்கள், பட்டாசு வெடித்தார்கள். பஸ் பதினொரு நிமிஷம் தாமதமாக வந்து சேர்ந்தது. சடையனும் ஒரு மாலை போட்டார். கட்டிப்பிடித்து அழுதார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு போய், பதினொரு நிமிடம் தாமதம் என்று நோட்டில் எழுதினார்.

பத்து நாள் கழித்து, வீட்டில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த ராமதாஸுக்கு விளக்கம் கேட்டு மெமோ வந்தது.

"ஊர்ல இருக்கறவளுக்கெல்லாம் டயரப் பாப்ப, எனக்காகப் பேனாவ மூடி வைக்க மாட்டியாடா?" என்று ராமதாஸ் போனில் கத்தினார்.

"லேட்டுன்னா லேட்டுதான்" என்றார் சடையன்.

அதோடு பேச்சு நின்றது. ஏழு வருஷம்.

வேலையில் இருந்தவரைக்கும் சடையனுக்கு அது பெரிதாகத் தெரியவில்லை. ஒரு நாளைக்கு நூறு பேர் "டைம் கீப்பரே" என்று கூப்பிட்டார்கள். ஓய்வு பெற்ற மறுமாதம் பழைய ஞாபகத்தில் பஸ் நிலையத்துக்குப் போய் அறையில் உட்கார்ந்தார். புதிதாக வந்தவர் மரியாதையாகத்தான் சொன்னார்: "பெரியவரே, பேசஞ்சருங்கல்லாம் அந்தப் பக்கம் உக்காரணும்."

பழைய சிநேகிதர்களை ஒவ்வொருவராகப் போனில் கூப்பிட்டுப் பார்த்தார். ஒருவர் தன் சர்க்கரை அளவை முக்கால் மணி நேரம் சொன்னார். ஒருவர் மனை விற்கப் பார்த்தார். இன்னொருவர் "எந்தச் சடையன்?" என்றார். ஓய்வு பெற்றவர்களுக்கு ஒரு வாட்ஸ்அப் குழு உண்டு. காலையில் நூற்றிருபது பேர் அதில் பூப்படம் போட்டு வணக்கம் சொல்வார்கள். சடையனும் போடுவார். ராமதாஸும் போடுவார். ரோஜாவும் தாமரையும் பேசிக்கொண்டன, மனுஷர்கள் பேசிக்கொள்ளவில்லை.

ஒருநாள் ராமதாஸ் அந்தக் குழுவில், மலையும் மேலே நிலாவுமாக ஒரு படம் போட்டு, 'பௌர்ணமிதோறும் கிரிவலம், எல்லாம் அவன் அருள்' என்று எழுதியிருந்தார். சடையன் அதை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்த பௌர்ணமிக்கு, "நானும் மலையச் சுத்தப் போறேன்" என்று சட்டையைக் கழற்றித் துண்டைப் போட்டுக்கொண்டு நின்றார்.

வேதா ராஜகோபுரத்தைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். மலையடியிலேயே பிறந்து வளர்ந்தும், பௌர்ணமி என்றால் ஸ்பெஷல் பஸ்களைத் திட்டுவதோடு சரி என்றிருந்தவரை அண்ணாமலையார் இழுத்துவிட்டாரே என்று அவளுக்குக் கண்ணே கலங்கியது. இரண்டு மாதம் கூடவே நடந்த பிறகுதான் தெரிந்தது, அவர் மலையைப் பார்க்கவே இல்லை. முன்னால் போகும் தலைகளைத்தான் பார்த்துக்கொண்டு நடந்தார். வழுக்கைத் தலை தெரிந்தால் நடை வேகமாகும்.

"யாரத் தேடறீங்க?"

"யாரத் தேடறேன்? சாமியத் தேடறேன்."

"ராமதாஸ் அண்ணன் ஊடு அடி அண்ணாமலையிலதான் இருக்குது. வழியிலதான். ஒரு எட்டு எட்டிப் பாத்தா ஆச்சு."

"நான் ஏன் போவணும்? அவன் ஊட்டுக்கு நான் போனா தப்பு என்மேலன்னு ஆவாதா? வழியில தற்செயலாப் பாத்தா வேற."

தற்செயலாகப் பார்ப்பதற்காகப் பதினொரு பௌர்ணமி நடந்தார்.

வீட்டுக்காரர்கள் பேசாவிட்டாலும் வேதாவும் ராமதாஸின் மனைவி தமிழ்செல்வியும் பேச்சை விட்டதில்லை. சித்திரைப் பௌர்ணமிக்கு நாலு நாள் முன்பு பூக்கடையில் பார்த்துக்கொண்டபோது தமிழ்செல்வி சொன்னாள்: "அண்ணி, என் பையன் அருண்பிரசாத் ஆவடியில ஊடு பாத்துட்டான். பௌர்ணமி முடிஞ்ச மறுநாள் காலையில சாமானெல்லாம் ஏத்தறோம். இவரு தூங்கறதே இல்ல. அண்ணனைப் பாக்காமயே போயிடுவேன் போலன்னு பொலம்பறாரு. அண்ணனும் மலை சுத்தறாருன்னு கேட்டதுலேர்ந்து இத்தினி மாசமா எதுக்கு நடந்தாருன்னு நெனச்சீங்க? வழியில பாத்துட மாட்டமான்னுதான்."

வேதா பூவைக் கீழே வைத்துவிட்டாள். "எத்தினி மணிக்குக் கெளம்புவாரு?"

"சாயங்காலம் நாலு."

"இவரும் நாலுதான்."

சடையன் கிளம்புவது கோயில் வாசலிலிருந்து, ராமதாஸ் கிளம்புவது மலைக்குப் பின்பக்கம் அடி அண்ணாமலையிலிருந்து. பதினாலு கிலோமீட்டர் வட்டம். இரண்டு பேரும் வலப்பக்கமாகத்தான் நடப்பார்கள், எதிர்ப்பக்கமாக யாரும் நடப்பதில்லை. இரண்டு பெண்களும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து, வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு சிரித்தார்கள்.

ஏற்பாடு சுலபமானது. ராமதாஸ் வீட்டைத் தாண்டியதும் வாயு லிங்கம். அங்கே தமிழ்செல்வி முட்டியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட வேண்டும். புருஷன் துணைக்கு உட்காருவார். ஆறரைக்குள் வேதா சடையனை அங்கே கொண்டுவந்து சேர்த்துவிடுவாள்.

அன்றைக்கு வெயில் தாழ்ந்தும் தார் ரோடு சுட்டது. வேதா வாய்க்குள் நமச்சிவாயம் சொல்லிக்கொண்டு, புருஷனைத் தண்ணீர்ப் பந்தலில்கூட நிற்கவிடாமல் இழுத்துக்கொண்டு வந்தாள். ஆறு இருபதுக்கு வாயு லிங்கம். நூறு பேர் உட்கார்ந்திருந்தார்கள். தமிழ்செல்வியும் இல்லை, ராமதாஸும் இல்லை. போன் போட்டால் கூட்டத்தில் லைன் கிடைக்கவில்லை. பத்தாவது முறை கிடைத்தது.

"அண்ணி, நான் ஊட்டுல இருக்கேன்!" என்றாள் தமிழ்செல்வி. "வலிக்குதுன்னு உக்காந்தேன். ஆரம்பிச்ச சுத்தை நடுவுல நிறுத்தினா சாமிக் குத்தம்னு சொல்லிட்டு, என்னைக் குறுக்குத் தெருவுல கூட்டிகினு போயி ஆட்டோவுல ஏத்தி உட்டுட்டு அவரு மட்டும் நடையக் கட்டிட்டாரு!"

வேதா போனை வைத்துவிட்டு, வேறு வழியில்லாமல் எல்லாவற்றையும் புருஷனிடம் சொல்லிவிட்டாள். சடையன் முகம் சிவந்தது.

"அவனும் என்னைத் தேடியா நடந்தான்?"

"பின்ன? முப்பத்தஞ்சு வருஷம் பஸ்ஸுக்கெல்லாம் நேரம் பாத்தீங்களே, ரெண்டு வண்டி ஒரே ரூட்ல, ஒரே பக்கமா, ஒரே வேகத்துல போனா எங்கங்க பாத்துக்கும்?"

"அவன் மெதுவா நடப்பான், எட்டிப் புடிச்சிடலாம்னு நெனச்சேன்" என்றார் அவர், குரல் இறங்கி.

"இப்ப இன்னா பண்ணப் போறீங்க? நாளைக்குக் காலையில சாமான் ஏத்தறாங்க."

முன்னால் நடந்தால் ராமதாஸும் முன்னால் நடந்துகொண்டே இருப்பார். வீடு பின்னால், கூப்பிடு தூரத்தில். ஆனால் அங்கே போக வேண்டுமென்றால் வலம் வரும் பாதையில் திரும்பி நடக்க வேண்டும். பிறகு ராமதாஸ் வீட்டு வாசலை மிதிக்க வேண்டும். இரண்டில் எது பெரிய குத்தம் என்று சடையன் யோசித்துக்கொண்டு நின்றார். கடைசியில் மலையைப் பார்த்து, அந்த வருஷத்திலேயே முதல்முறையாக நன்றாகப் பார்த்து, கைகூப்பினார். "அப்பா, பாதிச் சுத்து பாக்கி. பொறுத்துக்கோ" என்றார். திரும்பினார்.

"பெரியவரே, எதிர்ல வராதீங்க! அந்தப் பக்கம்! அந்தப் பக்கம்!" என்று வழியெல்லாம் அதட்டினார்கள். ஒரு அம்மா, "வயசு ஆச்சே தவிர முறை தெரியல" என்றாள். சடையன் எல்லோருக்கும் கைகூப்பிக்கொண்டே ஓரமாக நடந்தார். பின்னால் வேதா, வெட்கமும் சந்தோஷமுமாக.

ராமதாஸ் சுற்றை முடித்துக்கொண்டு வந்தபோது ஏழரை. கட்டி வைத்த மூட்டைகளுக்கு நடுவே, தன் நாற்காலியில், தன் தட்டில் உப்புமா சாப்பிட்டுக்கொண்டிருந்த ஆளைப் பார்த்து வாசலிலேயே நின்றுவிட்டார்.

"யாரு ஊட்டுக்கு யாருடா வந்தது?"

"நான் ஒண்ணும் உன்னைப் பாக்க வரல. தங்கச்சிக்கு முட்டி வலின்னாங்க."

"அவளுக்கு வலியே இல்ல. அவ நடிப்பு எனக்குத் தெரியாதா?"

"தெரிஞ்சுமா ஆட்டோ ஏத்தின?"

"அவ உக்காந்துட்டா உன்னைப் புடிக்க முடியாதே. இன்னிக்கு எப்படியாவது புடிச்சிடணும்னு ஓட்டமும் நடையுமா வந்தேன்டா, பாவி!" ராமதாஸ் மூட்டைகளைத் தாண்டிக்கொண்டு வந்தார். சடையன் தட்டை வைத்துவிட்டு எழுந்தார். எச்சில் கையோடேயே கட்டிக்கொண்டார்.

மெமோவைப் பற்றி அன்றைக்கு ஒருவரும் பேசவில்லை. இருவருக்கும் சர்க்கரை நன்றாகக் குறைந்திருக்கிறது, மாதாமாதம் இந்த நடை நடந்தால் ஏன் குறையாது என்று பேசிச் சிரித்தார்கள். ராமதாஸ் மெமோவை இன்னும் பீரோவில் வைத்திருக்கிறார் என்று தமிழ்செல்வி வேதாவின் காதில் மட்டும் சொன்னாள்.

மறுநாள் காலை சாமான் வண்டி கிளம்ப நின்றது. அன்றைக்குப் பிறகு அவர்கள் நேரில் பார்த்துக்கொள்ள இன்னும் வாய்க்கவில்லை. ராமதாஸ் முன்சீட்டில் ஏறி உட்கார்ந்ததும் சடையன் கதவைப் பிடித்துக்கொண்டார். பிறகு சொன்னார்:

"ஆவடியில புதுசா யார்கூடயும் சண்டை வச்சுக்காதடா ராமு. ஒரு ஆளோட சமாதானம் ஆவறதுக்கே ஏழு வருஷம் புடிக்குது. நம்மகிட்ட அவ்ளோ ஸ்டாக் இல்ல."