பெரியவரின் முன்னங்கால்கள்

அவர் ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர். தெருவில் யாரும் பேர் சொல்லிக் கூப்பிடுவதில்லை, 'ஹோல்டான்' என்றால்தான் தெரியும். யார் ஓடிவந்தாலும் விசில் அடித்து வண்டியை நிறுத்திவிடுவார் என்பதால் ஒட்டிக்கொண்ட பெயர். வீட்டில் மட்டும் அந்தத் தயவு கொஞ்சம் குறைவு. மனைவி இடுப்பு வலி என்று வருஷக்கணக்கில் சொல்லிக்கொண்டிருந்தாள். "வயசானா அப்படித்தான். எனக்கு வலிக்கலையா?" என்று பேச்சை முடித்துவிடுவார்.

ஒருநாள் காலையில் அவள் குளியலறைப் படியிலிருந்து இறங்கினாள். வழுக்கவில்லை, தடுக்கவில்லை. காலை ஊன்றியதும் சடக்கென்று சத்தம் கேட்டது, அப்புறம்தான் சாய்ந்தாள். விழுந்ததால் இடுப்பெலும்பு முறியவில்லை, முறிந்ததால்தான் விழுந்திருக்கிறாள் என்றார் ஆஸ்பத்திரி டாக்டர். எலும்பின் உள்ளே குறுக்கும் நெடுக்குமாகத் தாங்கி நிற்கவேண்டிய மெல்லிய சட்டங்கள் தேய்ந்து, பல இடங்களில் அற்றே போயிருந்தனவாம். தகடு வைத்து, கால்சியம் மாத்திரை எழுதிக்கொடுத்து வீட்டுக்கு அனுப்பினார்கள்.

கண்டக்டருக்கு அதன்பிறகு எதைப் பார்த்தாலும் எலும்பு ஞாபகம்தான்.

அந்தச் சமயத்தில் அவளுடைய தம்பி ஒரு நாய்க்குட்டியைக் கொண்டுவந்து விட்டான். "அக்கா படுத்தே கிடக்காங்க. ஒரு துணையா இருக்கட்டும் மாமா." பெரிய ஜாதி நாய். பால்குடி மறக்கும் முன்பே கன்றுக்குட்டி மாதிரிக் காலை வைத்துக்கொண்டு நடந்தது. அவள் கட்டிலில் இருந்தபடியே, "வாங்க பெரியவரே" என்றாள். அந்தப் பெயரே நிலைத்தது.

இவ்வளவு பெரிய உடம்பை அந்தக் கால்கள் எப்படித் தாங்கும் என்று கண்டக்டருக்குக் கவலை வந்துவிட்டது. இவளை விட்ட மாதிரி இதையும் விடக்கூடாது. மனைவியின் மாத்திரையில் ஒன்றை எடுத்துப் பொடித்துப் பாலில் கலந்தார். அப்புறம் இரண்டு. குட்டி மளமளவென்று வளர்ந்தது. கைமேல் பலன் என்று நினைத்தார்.

மாத்திரை அட்டை சீக்கிரம் காலியாவது அவள் கண்ணில் பட்டது. "நாலு நாள் முன்னாடிதான பிரிச்சேன், அதுக்குள்ள எப்படித் தீரும்?"

"நீதான் போட்டிருப்ப. மறந்திருப்ப."

அவள் மேலே கேட்கவில்லை. மறுநாள் அவரே புதிதாக வாங்கி வைத்துவிட்டார்.

கொஞ்ச நாளில் பெரியவரின் முன்னங்கால்கள் மணிக்கட்டிலிருந்து வெளிப்பக்கமாகத் திரும்பின. கால்நடை டாக்டரம்மா தொட்டுப் பார்த்துவிட்டு, "கால்சியம் எதாவது குடுக்கிறீங்களா சார்?" என்று கேட்டார். கேட்ட தொனியே இவருக்குச் சரியாகப் படவில்லை. "இல்லம்மா" என்று வாயில் வந்துவிட்டது. அப்படியானால் தீனியைக் குறைத்துப் பார்க்கலாம் என்றார் டாக்டரம்மா. இவரோ வீட்டுக்கு வந்து, கால் வளைவது சத்து போதாமல்தான் என்று இன்னொரு மாத்திரை சேர்த்தார்.

அடுத்த முறை நாயைத் தூக்கிக்கொண்டுதான் போகவேண்டியிருந்தது. எக்ஸ்ரே படம் எடுத்தார்கள். படத்தைப் பார்த்த டாக்டரம்மா அதே கேள்வியை மறுபடி கேட்டார். இந்தத் தடவை இவர் சொல்லிவிட்டார்.

"எலும்பைக் கட்டுற செல் இருக்கு சார், கரைக்கிற செல்லும் இருக்கு. பழசைக் கரைச்சாத்தான் புதுசு ஒழுங்கான வடிவத்துல வரும். கால்சியம் அதிகமானா கரைக்கிறது நின்னுபோகும். நுனியில இருக்கிற குருத்தெலும்பும் எலும்பா மாறாம அப்படியே தங்கிடும்." படத்தில் விரலை வைத்தார். "இந்தக் கால்ல ரெண்டு எலும்பு பக்கத்துல பக்கத்துல ஓடுது பாருங்க. ஒண்ணு வளருது. இன்னொண்ணு நின்னுபோச்சு. நின்னது பிடிச்சு இழுக்குது, வளர்றது வில்லா வளையுது."

"சரி பண்ண முடியாதாம்மா?"

"நின்ன எலும்புல ஒரு துண்டை எடுத்துட்டா இழுப்பு விட்டுடும். மிச்ச வளர்ச்சி தானே நிமிர்த்தும். ஆனா வளர்ச்சி மிச்சம் இருக்கணும்."

போன முறையே சொல்லியிருந்தால் என்று டாக்டரம்மா ஆரம்பிக்கவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது கண்டக்டருக்கு.

வீட்டில் மனைவியிடம் எல்லாவற்றையும் கொட்டினார். நாயை நினைத்து அழப்போகிறாள் என்று எதிர்பார்த்தார். அவளோ, "அப்ப மாத்திரைய நான் மறக்கலையா?" என்றாள்.

"இல்ல."

"எலும்புதான் போச்சு, இப்ப புத்தியும் போகுதுன்னு தூங்காம கிடந்தேங்க. உங்ககிட்ட சொன்னா வயசானா அப்படித்தான்னுவீங்கன்னு சொல்லல."

அவர் எழுந்துபோய் வாசலில் நின்றார். அன்றிலிருந்து பல நாள் அவள் தேவைக்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை. மாத்திரையைத் தம்பியை வாங்கிவரச் சொன்னாள்.

அறுவை சிகிச்சை முடிந்து, இடது கால் மாதத்துக்கு மாதம் நிமிர்ந்து வந்தது. வலது காலில் வளர்ச்சி ஏற்கெனவே ஓய்ந்துவிட்டிருந்தது. எவ்வளவு காத்திருந்தும் அது அப்படியே நின்றுவிட்டது. பெரியவர் இப்போது நடக்கிறார், ஓடமாட்டார். படியேறும்போது வலது பாதம் வெளியே போய்த் தட்டும். மனைவி நடைச்சட்டத்தைப் பிடித்துக்கொண்டு கூடம்வரை வருகிறாள். பேச்சும் வந்துவிட்டது, பழைய அளவுக்கு இல்லை.

சாயங்காலம் கண்டக்டர் நாயைக் கூட்டிக்கொண்டு மெதுவாகத் தெருமுனைவரை போய்வருகிறார். புதிதாகக் குடிவந்த ஒருவர் நாயின் காலைப் பார்த்துவிட்டு நின்றார்.

"அடடா, பிறவியிலேயே இப்படியா?"

"இல்லீங்க. நான் பண்ணினது" என்றார் கண்டக்டர். வந்தவர் மேலே கேட்பாரோ என்று கொஞ்சம் நின்று பார்த்தார். கேட்கவில்லை. வாரைத் தளர்த்திப் பிடித்துக்கொண்டு நடந்தார்.