வெட்டி எடுத்த இருமல்

மரியதாஸ் அண்ணன் போய்விட்டார் என்ற செய்தி வந்தபோது, அம்பிட்டியவில் என் ஒலிப்பதிவு அறையில் உட்கார்ந்து அவருடைய சாக்ஸபோனைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். தொலைபேசியில் அவர் மனைவி பிலோமினா அக்கா அழுதார்.  எனக்கு அழுகை பிறகுதான் வந்தது. முதலில் வந்தது பயம்.

கண்டி ஹோட்டல்களில் அவரைக் கேட்ட நீங்கள் என்ன இதமான வாசிப்பு என்பீர்கள். இதமாவது மண்ணாங்கட்டியாவது. மனிதர் மகா பயந்தாங்கொள்ளி. கலஹா பஸ் வளைவில் திரும்பினால் முன்சீட்டுக் கம்பியை விடமாட்டார். நான் பதிவு செய்த அவருடைய புதிய இசைத்தொகுப்பின் முதல் மெட்டு அந்த வளைவுகளின் பயம்தான். இரண்டாவது, அக்காவுக்கு ஒப்பரேஷன் நடந்த அன்று அவர் வெளியே காத்திருந்த நாலு மணித்தியாலம். "பயந்தவன்தான் மெதுவா வாசிப்பான் தம்பி" என்று சிரிப்பார்.

கடைசி மெட்டு எதைப் பற்றியது என்று என்னிடம் மட்டும் சொன்னார். அவருடைய நெஞ்சு எக்ஸ்ரேயில் தெரிந்த நிழலைப் பற்றியது. இனி ஊதவே கூடாது என்று டொக்டர் சொல்லியிருந்தார். வேண்டாம் அண்ணே என்று நானும் சொன்னேன். ஒரே ஒரு தரம்தான் சொன்னேன். தொகுப்பு முடிய வேண்டுமே என்ற ஆசை எனக்கும் இருந்தது. பாதி மெட்டில் இருமல் வந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு இருமினார்.

"இத வெட்டிடு. பிலோமினா கேட்டா பயந்துருவா."

வெட்டினேன். ஒட்டுப் போட்ட இடமே தெரியாது. என் தொழில் அது.

அடக்கம் முடிந்து வந்ததும் அக்கா அந்த மெட்டைத்தான் போடச் சொன்னார். கேட்டு முடித்து என்னைப் பார்த்தார்.

"பாட்டுல மூச்சு நல்லாத்தானே இருக்கு? அப்புறம் எப்படி தம்பி போனாரு?"

தெரியவில்லை அக்கா என்றேன். சளிக்கென்று தான் வைத்துக்கொடுத்த கசாயம்தான் ஒத்துக்கொள்ளவில்லையோ என்று அவர் தன்னையே வைதுகொள்வதாக இப்போது கேள்விப்படுகிறேன். அவருடைய அழைப்பு வந்தால் எடுக்காமல் விட்டுவிடுகிறேன்.

அக்கா, உங்கள் கசாயத்தில் ஒரு குற்றமும் இல்லை. அண்ணனுக்கு நோய் இருந்தது அவருக்குத் தெரியும், எனக்கும் தெரியும். முகத்துக்கு நேரே சொல்லத் துணிவில்லாமல் இந்த அஞ்சலிக் குறிப்பில் எழுதுகிறேன். அவரை அறிந்த எல்லோரும் வாசிக்கட்டும்.

தொகுப்பில் சேராமல் அவருடையதாக என்னிடம் மிஞ்சியிருப்பது அந்த இருமல்தான், பதினொரு விநாடி. அழிக்கவும் பயம், கேட்கவும் பயம். அது உங்களுக்குச் சேரவேண்டியது. வாருங்கள். என்ன திட்டினாலும் கேட்டுக்கொள்கிறேன். தெரியாது என்று மட்டும் இனிச் சொல்லமாட்டேன்.