சித்தியின் மூன்று தராசுகள்

சித்தியிடம் மணி கேட்கக் கூடாது என்பது எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். "யாரோட கடிகாரத்துல?" என்று திருப்பிக் கேட்பாள். "உங்க சித்தி பதில் சொல்றதுக்குள்ள பஸ் போயிடும்" என்பார் சித்தப்பா.

மருத்துவமனையில் கருவிகளைப் பழுது பார்ப்பது அவள் வேலை. எந்தக் கருவியையும் அவள் தனியாக நம்பியதில்லை. இன்னும் இரண்டை அருகில் வைத்துத்தான் அதைப் பற்றிப் பேசுவாள்.

அதே மருத்துவமனையில்தான் அக்காவுக்குக் குறைமாதத்தில் பெண் பிறந்தாள். எடை ஏறினால்தான் வீட்டுக்கு அனுப்புவார்கள். மெல்ல ஏறிக்கொண்டும் இருந்தது. ஒரு நாள் காலையில் எண்பது கிராம் குறைந்திருந்தது. அக்கா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

"என் பால் பத்தல. நான்தான் அவளைப் பட்டினி போடறேன்."

நான் போய்ச் சித்தியை அழைத்துவந்தேன்.

சித்தி குழந்தையைப் பார்த்தாள். பிறகு தராசைப் பார்த்தாள். "சிஸ்டர், இன்னும் ரெண்டு தராசு கிடைக்குமா?"

"ஏன், இதுக்குத் துணை தேடறீங்களா?" என்று சிரித்தபடி நர்ஸ் பக்கத்து அறைகளிலிருந்து கொண்டுவந்து வைத்தார்.

ஒப்பிட்டுப் பார்க்கும் எடைக்கற்கள் அன்று கையில் இல்லை. மூன்றில் எது சரி என்று சொல்ல வேறு வழியும் இல்லை. சித்தி தண்ணீர் பாட்டில், மடித்த துண்டு, என் கைப்பை என்று அகப்பட்டதையெல்லாம் ஒவ்வொரு தராசிலும் மாற்றி மாற்றி வைத்தாள். மூன்றும் மூன்று எண்களைக் காட்டின. ஆனால் புதிதாக வந்த இரண்டுக்கும் இடையே இருந்த வித்தியாசம், எதை வைத்தாலும் மாறவில்லை. அக்காவின் அறைத் தராசோ அவை இரண்டுடனும் ஒவ்வொரு தடவையும் வேறு மாதிரி விலகியது. ஒரு தடவை அதிகமாக, ஒரு தடவை குறைவாக. சில சமயம் நூறு கிராம்கூட.

"ஆடறது இதுதான்" என்றாள் சித்தி.

அக்கா எழுந்து உட்கார்ந்தாள். "அப்போ பாப்பா குறையலையா?"

"தெரியாதுடி."

"ஏறியிருக்கான்னாவது சொல்லேன் சித்தி."

"அதுவும் தெரியாது. இது காட்டின எதையும் நம்ப முடியாது."

அக்காவுக்கு அழுகை வந்துவிட்டது. சித்தி கட்டிலில் ஏறி அமர்ந்து அவள் தலையை மடியில் சாய்த்துக்கொண்டாள். "யாருக்குமே தெரியாத ஒண்ணுக்கு ஏண்டி உன்னையே திட்டிக்கறே? இன்னிக்கு இந்த ரெண்டுலயும் எடை போட்டு வைப்போம். நீ பால் குடு. நாளைக்குப் பாக்கலாம்."

அன்று சித்தி வீட்டுக்குப் போகவில்லை. குழந்தை பால் குடித்து முடிக்கும்போதெல்லாம், "போதுமாம், ஏப்பம் விட்டாச்சு" என்று அதன் சார்பில் அறிவித்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலை நர்ஸ் இரண்டு தராசுகளிலும் குழந்தையைக் கிடத்தினார். ஒன்று காட்டியதைவிட மற்றது கொஞ்சம் அதிகம் காட்டியது. ஆனால் முந்தைய நாளைவிட இரண்டிலும் முப்பது கிராம் ஏறியிருந்தது.

அக்கா மூக்கை உறிஞ்சினாள். "இதுல எது சித்தி இவளோட எடை?"

"அதை எடைக்கல்லு வந்தப்புறம்தான் சொல்ல முடியும்."

"ஆனா ஏறியிருக்கா."

"ஏறியிருக்கா. அதுல சந்தேகமே இல்ல."

சித்தி எதையாவது இப்படி அடித்துச் சொல்லி நான் கேட்டதில்லை. அக்கா நர்ஸை முந்திக்கொண்டு குழந்தையை வாரி எடுத்து, திரும்பவும் பால் கொடுக்க உட்கார்ந்தாள்.