ஒன்பதுக்குள் தோற்கப் போனோம்

போன சித்திரையில் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் செல்வி போன் செய்தாள். கல்லூரி விடுதியில் மூன்று வருடம் என்னோடு ஒரே அறையில் இருந்தவள். இப்போது பசுவந்தனைப் பக்கம் ஒரு கிராமத்தில் இருக்கிறாள். மானாவாரி நிலம், இரண்டு பிள்ளைகள், போதாக்குறைக்கு ஒரு பெண்கள் ஹாக்கி அணி. அணிக்கு அவள்தான் கேப்டன்.

"எங்க கோல்கீப்பர் கைய ஒடிச்சுக்கிட்டா. நாளைக்குக் கோயில்பட்டில மேட்ச். நீ வாட்டி" என்றாள். கல்லூரி அணியில் நான் கோல்கீப்பர்தான், ஆனால் ஹாக்கி மட்டையைத் தொட்டுப் பதினேழு வருடம் ஆகிறது. வயது முப்பத்தெட்டு. மாடி ஏறினாலே முழங்கால் பேசும். மறுத்திருக்க வேண்டும்.

ஆனால் அவள் சொன்ன விஷயம் அப்படி. அணியில் பாதிப் பேர் தீப்பெட்டி ஆபீஸுக்குப் போகிறவர்கள், மீதிப் பேர் காட்டு வேலைக்குப் போகிறவர்கள். வருடத்துக்கு இந்த ஒரு போட்டிதான் அவர்களுக்கு. போன தடவை 14-0, அதற்கு முந்தின தடவை 12-0. இன்னொரு முறை பத்து கோல் வாங்கினால் அடுத்த வருடம் அழைப்பு கிடையாது என்று போட்டி நடத்துகிறவர்கள் சொல்லிவிட்டார்களாம். "போட்டி இருக்குன்னு சொல்லித்தான் வீட்ல காலைல வெளிய விடுதாவ. அது இல்லன்னா யாரு விடுவா?" என்றாள். ஆக, நான் ஜெயிக்கப் போகவில்லை. ஒன்பதுக்குள் தோற்கப் போனேன்.

ஞாயிறு காலை 5.10க்கு மதுரை மாட்டுத்தாவணியில் திருநெல்வேலி பஸ். கோவில்பட்டி நூறு கிலோமீட்டர், டிக்கெட் 95 ரூபாய். சாத்தூர் தாண்டியதும் இரண்டு பக்கமும் கரிசல் ஆரம்பித்துவிடும். கோடையில் அங்கே பார்ப்பதற்கு ஒன்றும் கிடையாது. வெடித்த கறுப்பு மண், உடைமரம், காற்றாலை. ஜன்னல் சீட் கிடைத்தும் தூங்கிவிட்டேன். 7.15க்குக் கண்டக்டர் பைபாஸில் இறக்கிவிட்டார். ஊருக்குள் போகும் பஸ்ஸா என்று ஏறும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். நான் கேட்கவில்லை, அதற்குத் தண்டமாக ஆட்டோவுக்கு 100 ரூபாய்.

ஆட்டோக்காரருக்கு ஹாக்கி தெரிந்திருந்தது. அந்த ஊரில் தெரியாதவர்தான் குறைவு. யாரோடு ஆட்டம் என்று கேட்டார். சொன்னேன்.

"அவியளோடயா?" கண்ணாடியில் என்னை ஒரு தடவை பார்த்தார். "விடுதியில தங்கி ரெண்டு வேளையும் பயிற்சி எடுக்குத பிள்ளைகள்லா அது. நீங்க என்னவா ஆடுதீங்க யக்கா?"

"கோல்கீப்பர், அண்ணாச்சி."

மைதானத்தில் இறக்கிவிடும்போது, மருந்துக்கடை எந்தப் பக்கம் என்று நான் கேட்காமலே சொன்னார்.

வாசலில் செல்வியும் பன்னிரண்டு பேரும் வேனிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தார்கள். ஆட்டம் ஒன்பது மணிக்கு. இதுவரை பெண்கள் ஆட்டமெல்லாம் பள்ளிக்கூடத்து மண் மைதானத்தில்தான் நடந்தது. இந்த வருடம்தான் செயற்கைப் புல்லுக்கு மாற்றியிருந்தார்கள். எங்களில் ஒருத்திகூட அதில் கால் வைத்ததில்லை. எல்லாரும் வேலியைப் பிடித்துக்கொண்டு, கல்யாண மண்டபத்துத் தரைவிரிப்பைப் பார்ப்பதுபோல் பார்த்தோம்.

8.15க்கு மைதானத்தின் ஓரங்களில் குழாய்கள் சீறின. பத்து நிமிடம் தண்ணீர். புல் முழுக்க நனைந்து பளபளத்தது. செல்வியின் முகம் விழுந்துவிட்டது.

"போச்சு. மொத்தமா நனைச்சிட்டாவ. இனி எங்க ஆட? வாங்க பிள்ளைகளா, சாப்பிடப் போவோம்."

சிரிக்காதீர்கள். கரிசலில் ஆடுகிறவர்களுக்குத் தண்ணீர் விழுந்தால் ஆட்டம் இல்லை, அவ்வளவுதான். நனைந்த கரிசலில் கால் வைத்தால் செருப்போடு கால் கிலோ மண் வரும். காய இரண்டு நாள் ஆகும். ஒருத்திக்கும் சந்தேகம் வரவில்லை. எனக்கும்தான் வரவில்லை. கல்லூரியில் நான் ஆடியதும் மண் தரை. பதினான்கு பேரும் முக்கால் கிலோமீட்டர் நடந்து ஒரு ஹோட்டலில் உட்கார்ந்து பூரி கிழங்கு சொன்னோம். ஒரு செட் 40 ரூபாய். கிழங்கு நன்றாக இருந்தது, அதுதான் வினை. இரண்டாவது செட்டும் சொன்னோம்.

9.06க்குச் செல்வியின் போன் அடித்தது. போட்டிச் செயலாளர்.

"எங்கம்மா இருக்கிய? ஆட்டம் ஆரம்பிக்கணும்லா!"

"தண்ணி அடிச்சிட்டியளே அண்ணாச்சி?"

"தண்ணி அடிச்சாத்தாம்மா அதுல ஆட்டமே!"

ஓடினோம். வயிற்றில் ஆறு பூரியோடு, சித்திரை வெயிலில், கையில் மட்டையோடு ஓடியவர்களுக்குத்தான் அந்த முக்கால் கிலோமீட்டரின் நீளம் தெரியும். போய்ச் சேர்ந்தபோது மணி 9.17. கால் மணி நேரத்துக்கு மேல் தாமதம் என்றால் ஆடாமலே தோல்வி, அது விதி.

செயலாளர் நல்ல மனிதர். செல்வியைத் தனியே கூப்பிட்டார். நானும் பக்கத்தில் நின்றேன். "இப்ப எழுதினா அஞ்சுக்கு பூஜ்யம்னு எழுதுவேன். அஞ்சுதான், பத்து இல்ல. அடுத்த வருசமும் உங்களக் கூப்பிடலாம். பேசாம கையெழுத்துப் போட்டுட்டுப் போங்க. இல்ல, ஆடத்தான் செய்வோம்னா அவியட்ட கேட்டுப் பாக்கேன்."

கையெழுத்துப் போடு என்று என் முழங்கால் கெஞ்சியது. செல்வி திரும்பி அணியைப் பார்த்தாள். மூச்சு வாங்கிக்கொண்டு, கிழங்கு ஒட்டிய வாயோடு, எல்லாரும் மட்டையைப் பிடித்தபடி நின்றார்கள்.

"வருசம் பூரா ஓடியிருக்கு பிள்ளைக. நீ ஒம்பதுக்குள்ள நிறுத்திருவியாட்டி?" என்றாள் என்னிடம்.

"நிறுத்திருவேன்" என்றேன். வாய்கூசாமல் சொன்ன பொய்.

எதிர் அணி ஆடச் சம்மதித்தது. கால் மணி நேரம் வீதம் நான்கு பகுதிகள். செல்வி பதினோரு பேரையும் எங்கள் பாதியிலேயே நிறுத்தினாள். அடிக்க யாரும் போகக் கூடாது, தடுப்பது மட்டும்தான். அதிலும் ஒரு சிக்கல். கரிசலில் பந்து துள்ளி வரும். இந்தப் பிள்ளைகள் துள்ளலுக்காக மட்டையை ஒரு சாண் தூக்கியே வைத்துப் பழகியவர்கள். இந்தப் புல்லில் பந்து தரையோடு வழுக்கிக்கொண்டு மட்டைக்குக் கீழே போனது. பாதி ஆட்டத்தில் 4-0. மூன்றாம் பகுதி முடிவில் 7-0.

ஹெல்மெட்டுக்குள் வியர்வை கண்ணில் இறங்கியது. இடது தொடையில் பந்து பட்ட இடம் மரத்துவிட்டது. பூரி வேறு நெஞ்சில் நின்றது. எட்டாவது, என் கால்களுக்கு நடுவே. ஒன்பதாவதை நான் பார்க்கவே இல்லை. அதற்குப் பிறகு நான்கு தடுத்தேன். அதில் இரண்டு தானாக வந்து என் மேல் மோதியவை. இன்னும் ஏழு நிமிடம் இருந்தபோது ஒரு பந்து என் கால் பேடில் பட்டு, மெதுவாக, யாரும் அவசரப்படுத்தாமல், கோட்டைத் தாண்டியது. பத்து.

நான் உட்கார்ந்துவிட்டேன். மன்னிப்புக் கேட்கக்கூட மூச்சு வரவில்லை. செல்வி என்னைப் பார்க்கவில்லை. இடுப்பில் கை வைத்து ஸ்கோர் பலகையைப் பார்த்தாள். பிறகு கத்தினாள்: "இனி என்னத்தக் காக்க? எல்லாரும் மேல போங்க! ஏட்டி மாரி, நீயும் போ!"

மாரி தீப்பெட்டி ஆபீஸில் பெட்டி ஒட்டுகிறவள். ஆட்டம் முழுக்க என் முன்னால் தூண் மாதிரி நிறுத்தப்பட்டிருந்தாள். பத்துப் பேரும் ஒரே நேரத்தில் ஓடியதும் எதிர் அணிப் பிள்ளைகள் ஒரு கணம் திகைத்தார்கள். எவளோ அடித்த பந்து நேராக வழுக்கிக்கொண்டு போனது. மாரி மட்டையைத் தரையோடு படுக்க வைத்தாள். உள்ளே.

அந்தக் கூச்சலை மைதானத்தில் யாரும் எதிர்பார்த்திருக்க மாட்டார்கள். செயலாளர்கூடக் கை தட்டினார். கடைசியில் 11-1. விதி விதிதான், அழைப்பு கிடையாது என்பதைத் தலையைக் குனிந்துகொண்டே சொன்னார். கழற்றிய பேடுகளோடு வேன் ஏறும்போது செல்வி சொன்ன ஒரே வாக்கியம்: "மொதல்லயே மேல போயிருக்கணும்ட்டி." அதைச் சொல்லிவிட்டு அழுதாள். நானும் அழுதேன்.

இனி, போகிறவர்களுக்கு. கோவில்பட்டியில் ஹாக்கி பார்க்கக் கோடைதான் காலம். காலை ஏழு மணிக்குள் போனால் நிழலில் உட்காரலாம். தண்ணீர் பாட்டில் இரண்டு வேண்டும். கடலைமிட்டாய் வாங்காமல் யாரும் உங்களை விடமாட்டார்கள், அதனால் நான் சொல்லத் தேவையில்லை. மாலை நேரம் மிச்சமிருந்தால் கழுகுமலை இருபது சொச்சம் கிலோமீட்டர்தான். நான் போகவில்லை. பஸ் நிலையத்தில் காலை நீட்டிக்கொண்டு இரண்டு மணி நேரம் கிடந்தேன், பிறகு வீடு வந்து மூன்று நாள் மாடி ஏறவில்லை.

செல்வி நேற்று பேசினாள். பயிற்சி நிற்கவில்லை. காலை ஆறு மணிக்குப் பதின்மூன்று பேரும் வருகிறார்கள், கை கூடிய கோல்கீப்பரும் வருகிறாள். பார்க்க வேண்டும் என்றால் கோவில்பட்டியிலிருந்து பசுவந்தனை போகிற டவுன் பஸ்ஸில் ஏறுங்கள். பெண்களுக்குக் கட்டணம் இல்லை. வழியில் ஹாக்கி ஆடுகிற பிள்ளைகள் எங்கே என்று கேட்டால் இறக்கிவிடுவார்கள். அங்கே அவர்கள் வீட்டார் யாரிடமாவது பேச நேர்ந்தால் மட்டும் ஒரு உதவி செய்யுங்கள். அடுத்த சித்திரையிலும் போட்டி இருக்கிறது என்றே சொல்லுங்கள். இன்னும் ஒருத்தியும் வீட்டில் சொல்லவில்லை.