நான் எழுதாமல் விட்டது

தாராவியில் எங்கள் சந்தில் தனியாக வசித்த டெய்லர் செல்வியை யாரோ கொன்றுவிட்டார்கள். போலீசுக்குத் துப்புக் கிடைக்கவில்லை. என் மளிகைக்கடையில் உட்கார்ந்தபடி சந்து வாட்ஸப் குரூப்பில் எழுதினேன்: "இட்லி விற்கும் பேச்சியம்மாள் கொலைக்கு முந்தின நாள் காலையில் செல்வியோடு குழாயடியில் சண்டை போட்டாள்."

போலீஸ் அவளை விசாரித்து அனுப்பிவிட்டது. ஆனாலும் அவளிடம் ஒருவரும் இட்லி வாங்கவில்லை.

ஒருநாள் கடைக்கு வந்தாள். "அண்ணாச்சி, சண்டை போட்டது நெசந்தான். அன்னைக்குச் சாயங்காலமே காய்ச்சலாக் கெடந்தவளுக்கு நான் கஞ்சி கொண்டுபோனதயும் பாத்தியள்லா? அத ஏன் எழுதல?"

பார்த்திருந்தேன். எழுதினால் என் செய்தியில் சுவாரசியம் இருக்காது என்றுதான் விட்டேன்.

அன்றே குரூப்பில் கஞ்சியைப் பற்றியும் எழுதினேன். யாரும் கண்டுகொள்ளவில்லை. பேச்சியம்மாள் சந்தைவிட்டே தொலைவில் உள்ள ஐரோலிக்குக் குடிபோய்விட்டாள். கொலைகாரன் இன்னும் சிக்கவில்லை. அவனைப் பற்றிப் பேச எனக்கு யோக்கியதை இல்லை.