பொய் சொன்ன டிஸ்க்

எண்ணூர் கழிமுகத்தில் ஓர் ஆலையின் எண்ணெய் கலந்தபோது, நெட்டுக்குப்பம் மீனவர்களுக்காக நான் எடுத்த படங்கள் ஒரு யூஎஸ்பி டிஸ்க்கில் இருந்தன. மறுநாள் அந்தக் கசிவு பற்றி அரசு விசாரணை. எந்தக் கணினியில் செருகினாலும் அது உறைந்து நின்றது.

ராயபுரத்தில் மாடிப்படிக்கு அடியில் கடை வைத்திருந்த கணினி பழுதுபார்ப்பவரிடம் கொண்டுபோனேன். ஒல்லியான மனிதர், சட்டைப்பையில் சீப்பு. கையில் எடுத்த பொருளைத் திட்டிக்கொண்டேதான் வேலை செய்வார்.

"கலீஜ் சாமான் சார். கீறதவிட அதிகமா எடம் கீதுன்னு பொய் சொல்லுது. இல்லாத எடத்தப் படிக்கசொல்ல கம்ப்யூட்டர் மாட்டிக்குது."

தன் கணினியின் லினக்ஸ் இயங்குதளத்தில் டிஸ்க்கை இயக்கும் நிரலான டிரைவரைத் திறந்து, டிஸ்க் சொல்லும் கொள்ளளவில் கடைசித் துண்டு ஒன்றைக் கழித்துக்கொள்ளும்படி ஒரு வரி சேர்த்தார். படங்கள் வந்தன.

தார்போல எண்ணெய் அப்பிய வலைகள், செத்த மீன்கள், சிறகு ஒட்டிப்போன கூழைக்கடா. அவர் திட்டுவதை நிறுத்தினார்.

"நான் அந்தாண்ட போனதே இல்ல சார். ஆலைக்காரன் இன்னா சொல்றான்?"

"ஒரு சொட்டுகூட எங்களுது இல்லைங்கிறாங்க."

எழுந்து வாசலுக்குப் போய்க் காறித் துப்பினார். எனக்கு அருவருப்பாக இருந்தது.

மறுநாள் விசாரணை அறையில் அதே படங்களை அதிகாரிகள் பிஸ்கெட் கடித்தபடி பார்த்தார்கள். ஒருவர்கூட முகம் சுளிக்கவில்லை. கழிமுகத்தையே பார்த்திராத அந்தப் பழுதுபார்ப்பவருக்கு மட்டும் எப்படி அவ்வளவு குமட்டியது என்று இன்றும் யோசிக்கிறேன்.